திருகாணி இல்லாத சிவப்புக் கல்

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுப்பின் பண்டிகைப் பாட்டைத் தொடங்கியதும் உங்கள் அம்மா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். பாட்டு முடியும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் தோள் குலுங்கியது. வீட்டுக்கு வரும் வழியில், "மம்மி கைக்கு ஹஸ்ரீ டாடி?" என்று, அம்மா ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டு, நீங்கள் மூன்று பேரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். தமிழில்தான் எழுதுவேன். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். புரியாத இடத்தில் வந்து கேளுங்கள். கேட்பதற்கும் இந்தக் கதைக்கும் நிறையச் சம்பந்தம் இருக்கிறது.

ஒரு அக்காவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் பெயரை எழுதமாட்டேன். அவரைக் கேட்டுவிட்டு எழுத இப்போது அவர் இல்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நிஜாம் காலம். நான் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து, திருநெல்வேலிக்குப் போய்க் கல்யாணம் செய்து, உங்கள் அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்த புதிது. எங்கள் குவார்ட்டர்ஸின் பக்கத்து வீடு அக்காவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவருடைய வீட்டுக்காரர் சரக்கு வண்டியில் கார்டு. வாரத்தில் நாலு நாள் காஜிபேட்டைப் பக்கம் போய்விடுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவும் எங்கள் சீமைக்காரர்தான். ஹைதராபாத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சில் திருநெல்வேலி கொஞ்சமும் தேயவில்லை.

குவார்ட்டர்ஸ் முழுவதும் அவரைக் 'கேட்டாத்தான் அக்கா' என்று சொல்லும். அந்தப் பெயர் வந்த விதத்தை உங்கள் அம்மா முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். மாவு சலிக்க நம்மிடம் சல்லடை இல்லை. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க வீட்ல சல்லடை இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கே" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

இவளும் நின்றாள். அவரும் நின்றார். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அது... கொஞ்சம் தாரீங்களா?"

"அப்படிக் கேளு. கேட்டாத்தானே தருவேன்? இருக்கான்னு கேட்டே, இருக்குன்னேன்." சல்லடையோடு அரைப்படி சலித்த மாவும் சேர்ந்து வந்தது. அதை இவள் கேட்கவே இல்லை.

அவரோடு செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனால் கூட வருபவர்களுக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டிவரும். ஒரு முறை பெட்டியும் படுக்கையுமாக ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து, "ஏம்மா, இது பெஜவாடா வண்டியா?" என்றார். "இல்ல" என்றார் அக்கா. அவர் நிம்மதியாகப் பெட்டியை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டார். கால் மணி கழித்து, "பெஜவாடா வண்டி எப்பம்மா வரும்?" என்று கேட்டார். "அது நீங்க வரும்போதே எதுத்த பிளாட்பாரத்துல நின்னுச்சு. இப்பத்தான் போகுது." அந்த மனிதர் எழுந்து ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. வண்டியைப் பிடித்தும்விட்டார். "முதல்லயே சொல்லக் கூடாதா அக்கா?" என்று கேட்டேன். "அவுக இதான் பெஜவாடா வண்டியான்னு கேட்டாக. வேற எது பெஜவாடா வண்டின்னு கேக்கலியே தம்பி" என்றார். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை.

இதைப் படித்துவிட்டு அவரை வம்புக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களிடம் அவரும் அப்படித்தான் நேராகக் கேட்பார். நாம் எல்லோரும் சுற்றி வளைத்துத் தொடத் தயங்குகிற இடத்தை அவர் ஒரே கேள்வியில் தொட்டுவிடுவார். உங்கள் அம்மா வந்த முதல் மாதம் அடிக்கடி கண் சிவந்து நிற்பாள். நான் கேட்டால் அடுப்புப் புகை என்பாள். நானும் நம்பி அடுப்பை வெளியே தள்ளிப் போட்டேன். அக்கா ஒருநாள் சுவர் வழியாகப் பார்த்தார். "ஏட்டி, அம்மாவைத் தேடுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். இவள் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தார்கள். அதற்குப் பிறகு நம் வீட்டு அடுப்பு புகையவில்லை.

இனி அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் போன சபை மாரெட்பள்ளிப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் கூடியது. முப்பது குடும்பம் இருக்கும். நகை போடக் கூடாது என்பது அந்தச் சபையில் கண்டிப்பான வழக்கம். ஞானஸ்நானம் எடுக்கும்போது காது, மூக்கு, கழுத்து எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அக்காவும் சின்ன வயதில் அப்படிக் கழற்றியவர். கம்மல் துளை தூர்ந்து ஒரு புள்ளியாக நின்றிருந்தது. உங்கள் அம்மா வந்த மறுவருஷம், அக்கா தலை வாரும்போது சீப்பின் பல் அந்த இடத்தில் கீறிவிட்டது. கீறல் ஆறியது. ஆறிய இடத்தில் கடுகளவு சிவப்பாக ஒன்று எழும்பியது. கடுகு மிளகாயிற்று. மிளகு ஒரு சின்ன இலந்தைப் பழ அளவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. இடது காதில், கம்மல் எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அதே இடத்தில். நல்ல இரத்தச் சிவப்பு. தொட்டால் வலிக்காது. ஆனால் துண்டு பட்டாலும் இரத்தம் கசியும்.

அக்கா பயந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். புற்றாக இருக்குமோ என்று வீட்டுக்காரருக்கு நினைப்பு. அவர் டூட்டியில் போய்விட்டதால் நானும் உங்கள் அம்மாவும் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் இந்த ஊர் முஸ்லிம் பெரியவர். வெள்ளைத் தாடி. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்து இரண்டு சின்ன டாக்டர்களையும் ஒரு நர்ஸையும் கூப்பிட்டு, ஏதோ கண்காட்சியைக் காட்டுவது போலக் காட்டினார்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர் சாப், யே கேன்சர் ஹை க்யா?" என்று நேராகக் கேட்டார்.

"நை அம்மா, நை! டரோ நக்கோ!" என்று டாக்டர் சிரித்தார். பயப்படாதே என்கிறார். அரைகுறைத் தமிழிலும் உருதுவிலும் எங்களுக்கு விளங்கச் சொன்னார். நூல் மாதிரி இருக்கிற ரத்தக் குழாய்கள் கொத்தாக ஒரே இடத்தில் வளர்ந்து கட்டியாகிவிட்டன. கெட்டது இல்லை. பரவாது, யாருக்கும் ஒட்டாது. விரலில் வந்து பார்த்திருக்கிறார், உதட்டில் பார்த்திருக்கிறார். காது மடலில், அதுவும் கம்மல் போடுகிற இடத்தில், தன் சர்வீஸில் இதுதான் முதல். "எடுத்துடலாம். ஆனா சில பேருக்குத் திரும்பி வரும். தொந்தரவு இல்லேன்னா இருக்கட்டும். காஞ்சு போகாம எண்ணெய் தடவு" என்றார். வாசல்வரை வந்து அனுப்பும்போது, "லால் ஹை அம்மா, லால்!" என்றார். இந்த ஊர்ப் பேச்சில் லால் என்றால் சிவப்பு, மாணிக்கமும் அதுதான்.

அக்காவுக்கு அது போதும். "கெட்டது இல்லேன்னா இருந்துட்டுப் போகட்டும். அது என்ன சோறா கேக்குது?" என்று விட்டுவிட்டார். வீட்டுக்காரர் ஊரில் இருக்கும் நாட்களில் அவரே விரலில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அதன்மேல் தடவிவிடுவார். எண்ணெய் பட்டதும் அது மினுமினு என்று ஜொலிக்கும்.

வளையல்காரர் ஒருவர் மாதம் ஒரு முறை குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வருவார். நாங்கள் வளையல் வாங்கமாட்டோம் என்று தெரிந்தும், தண்ணீர் குடிக்க அக்கா வீட்டில் நிற்பார். ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டு, "தூஸ்ரா கஹாங் ஹை அம்மா?" என்றார். இன்னொன்று எங்கே என்று கேட்டார்.

"தூஸ்ரா ஆயாச் நை" என்றார் அக்கா. இன்னொன்று வரவே இல்லை. சத்தியமான பதில்.

அந்த மனிதருக்கு மனசு தாங்கவில்லை. புருஷன் ஒரு காதுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் வரும்போது அதே நிறத்தில், அதே அளவில் ஒரு கண்ணாடிக் கல்லைத் தேடிப் பிடித்து, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். காசும் வாங்கவில்லை. அக்கா அதைத் தையல் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். "அன்பாக் குடுத்தாரு. வேணுமான்னு கேட்டிருந்தா வேண்டாம்னுருப்பேன். கேக்கலியே" என்பார்.

இப்படியே மூன்று வருஷம் போனது. தினமும் பார்க்கிற எதையும் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். அக்காவின் காதில் அப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். சபையில் அக்கா என்றால் எங்களுக்கு நினைவு வருவது அவருடைய குரல்தான். அப்போது சபைக்கு ஆர்மோனியம் கிடையாது. அக்கா முன் பாயிலிருந்து எழுந்து பாட்டை எடுத்துக் கொடுப்பார். அவர் எடுத்த சுருதியில் எல்லோரும் பாடலாம். கட்டைக் குரல் பாய்லர் ஆட்களுக்கும் எட்டும், கீச்சுக் குரல் பிள்ளைகளுக்கும் எட்டும். காலையில் அடுப்பு மூட்டும்போதும் பாடுவார். சுவர் வழியாக அது எங்கள் வீட்டுக்கு வரும். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் நான் மணி தெரிந்து சைக்கிளை எடுப்பேன்.

அந்த மழைக்காலத்தில் ஊரிலிருந்து புதுப் போதகர் வந்து சேர்ந்தார். இளவயது. நல்லவர், ஆனால் நல்லவராக இருப்பதில் கொஞ்சம் அவசரம். பேசும்போதும் பிரசங்கத் தமிழ்தான். பிரசங்க மேடை கட்டடத்தின் இடது மூலையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் முன் பாயில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் இடது காது நேராகத் தெரியும். ஜன்னல் வெளிச்சமும் சரியாக அங்கேதான் விழும். தேங்காய் எண்ணெய் வேறு.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு போதகர் அக்காவை மட்டும் நிறுத்திப் பேசியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, காதில் இருப்பதை எத்தனை நாளாகப் போட்டிருக்கிறீர்கள்?"

"நான் போடலீங்க ஐயா. அதுவா வந்துச்சு."

"அதுவாக வந்ததா? யார் கொடுத்தது?"

"ஆண்டவருதான் குடுத்திருக்கணும். வேற யாரும் குடுத்த மாதிரி ஞாபகம் இல்ல."

"ஆண்டவரை இதில் இழுக்க வேண்டாம். கழற்றிவிடலாம் அல்லவா?"

"கழட்டினா ரத்தம் வருமேய்யா."

"நகையின்மேல் அவ்வளவு பாசமா? உங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியுமே. அவுகதான எண்ணெய் போட்டுத் தொடச்சு விடுதாக."

கணவரும் உடந்தை என்றால் போதகர்தான் என்ன செய்வார்? கடைசியில், "அதைக் கழற்றும்வரை நீங்கள் முன்னால் உட்கார வேண்டாம். பாட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அக்கா, "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, இது என்ன என்று போதகரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பின்னால் போய், கைப்பிள்ளைக்காரிகள் உட்காரும் இடத்தில் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தார் என்று நினைத்தோம். பாட்டைப் போதகரே எடுத்தார். புதுப் போதகர், புது வழக்கம் என்று நினைத்தோம். பிறகு அவர் பிரசங்கத்தில் கையை உயர்த்தி, "நம் நடுவில் ஒரு சிவப்புக் கல் இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை வைத்திருப்பவர்களுக்கும் தெரியும்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் அம்மா எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கதவைச் சாத்தினாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஏங்க, பவுடர் டப்பாவை யாரு பாத்திருப்பா?"

"எந்தப் பவுடர் டப்பா?"

அப்போதுதான் எனக்கே தெரியும். அவள் ஞானஸ்நானத்துக்கு எல்லாவற்றையும் கழற்றியபோது ஒரு ஜோடியை மட்டும் கொடுக்கவில்லை. சிவப்புக் கல் வைத்த கம்மல். சின்ன வயதில் காது குத்தியபோது போட்டது. போடுவதற்கு இல்லை, சும்மா வைத்துக்கொள்ள. பவுடர் டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். "ஆண்டவர் அவருக்குத் தரிசனத்துல காட்டிட்டாரு" என்று அழுதாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்று மத்தியானமே டப்பாவை எடுத்து வீட்டின் பின்னால், சமையலறை அரிசிப் பானைக்குள் புதைத்தோம்.

மறுவாரம் போதகர் என்ன சொன்னார் தெரியுமா? "பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டால் கல் மறைந்துவிடுமா? இடம்தான் மாறியிருக்கிறது!"

உங்கள் அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அரிசிப் பானைவரை தெரிந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் வேர்த்துப்போனோம்.

எங்கள் வீடு மட்டும் இல்லை. அந்த மாதம் சபைக் குடும்பங்களில் விசித்திரமான காரியங்கள் நடந்தன. பெயின்டர் வீட்டம்மா, செடிக்கு உரம் வைக்க வேண்டும் என்று எங்களிடம் மண்வெட்டி இரவல் வாங்கினார். அவர் வீட்டில் செடியே கிடையாது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோயிலுக்கு வந்து, பார்க்காமல் போனோம்.

இந்தக் கலவரத்தில் நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றுவிட்டது. காலையில் விறகு முறிக்கும் சத்தம் கேட்கும், அடுப்பு ஊதும் சத்தம் கேட்கும். பாட்டு வராது. நான் இரண்டு நாள் வேலைக்கு நேரம் தவறிப் போனேன்.

"அக்காவுக்கு என்னமோ ஆயிருக்கு" என்றாள் உங்கள் அம்மா.

"போய்க் கேளேன்."

"கேட்டா, ஒனக்கு ஏன் முகம் இப்படி இருக்குன்னு அவுக திருப்பிக் கேப்பாக. அவுக கேட்டா நான் சொல்லிருவேன்." அதனால் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் பவுடர் டப்பாவைக் காப்பாற்றுவதற்காக, எங்களை முதல் மாதத்திலேயே கேட்ட மனுஷியை நாங்கள் கேட்காமல் விட்டோம். அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் காதில் இருப்பதை அறுத்து எறிந்துவிடுவது, எவ்வளவு ரத்தம் போனாலும் சரி, மறுபடி பாட வேண்டும் என்று அக்கா தீர்மானித்திருந்தாராம். அதையும் யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியாது.

அறுப்பின் பண்டிகை வந்தது. மேடையைச் சுற்றிப் பூசணிக்காய், கரும்பு, வாழைத்தார், ஒரு கூடை சீத்தாப்பழம். எல்லோரும் துவைத்த வெள்ளையில் வந்திருந்தோம். பண்டிகைப் பாட்டைப் போதகர் எடுத்தார். முதல் அடியிலேயே சுருதி கூரை ஓட்டைத் தொட்டுவிட்டது. இரண்டாவது அடிக்கு ஏற வேண்டிய இடத்தில் ஆண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டோம், ஏற்றத்தில் சரக்கு வண்டி நிற்பது மாதிரி. பெண்கள் இன்னும் ஒரு அடி தூரம் போய்ப் பார்த்தார்கள். அவர்களும் நின்றார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எடுத்தார். இந்தத் தடவை பாதாளத்திலிருந்து. பாய்லர் மேஸ்திரி ஒருவர் மட்டும் நாலு வார்த்தை உறுமிவிட்டு விட்டுவிட்டார்.

போதகர் முகம் சிவந்து நின்றார். பண்டிகை நாள், பாட்டு இல்லை. பாவம், அவர் கேட்டார்: "யாராவது... எடுத்துக் கொடுப்பீர்களா?"

கேட்டுவிட்டாரே! பின்னால் அக்கா எழுந்தார். இடுப்பில் குழந்தை. மூத்தவளே, அது நீதான். ஒரு வயது நிறையவில்லை. உன்னை இறக்கிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எழுந்த எழுச்சியிலேயே பாட்டை எடுத்தார். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த குரல். முதல் அடியிலேயே எல்லோருக்கும் அவரவர் சுருதி கிடைத்துவிட்டது. முப்பது குடும்பமும் சேர்ந்து பாடிய பாட்டில் ஓடு அதிர்ந்தது. பாடாதவர்கள் இல்லை. போதகர்கூடப் பாடினார், எட்டுகிற சுருதியில்.

கடைசிச் சரணம் வரும்போது உன் கண்ணுக்கு நேரே அந்தச் சிவப்பு மினுமினுத்திருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்து ஒரே இழு இழுத்தாய்.

அக்காவுக்குத் தெரியவில்லை. பாடிக்கொண்டே இருந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கி, வெள்ளை ரவிக்கையில் பூப் பூவாக விழுந்தது. ஆமென் சொன்ன பிறகுதான் எல்லோரும் பார்த்தோம். போதகரின் மனைவி முதலில் ஓடி வந்தார். சின்னப் பெண், துடிப்பானவர். "ஐயோ அக்கா, கம்மல் காதை அறுத்துட்டுது! அசையாதீங்க, கழட்டி விடுதேன்" என்று காதின் பின்புறம் விரலைவிட்டுத் திருகாணியைத் தேடினார். தேடினார், தேடினார். காதை மடக்கிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, கோயில் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"ஏங்க! இதுல திருகாணியே இல்லங்க!"

போதகர் இறங்கி வந்தார். வாழைத்தாரைத் தாண்டி, பிள்ளைகளைத் தாண்டி, அக்காவின் முன்னால் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அக்கா... இது என்ன?"

"இதைத்தான் ஐயா நீங்க கேக்கவே இல்ல" என்றார் அக்கா. பிறகு டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். ரத்தக் குழாய்க் கொத்து, கெட்டது இல்லை, விரலில் வரும், உதட்டில் வரும், காதில் வந்தது அபூர்வம். போதகர் கேட்கக் கேட்கக் குனிந்துகொண்டே போனார். "அப்படியானால், மூன்று வாரமாக நான் சொன்ன அந்தச் சிவப்புக் கல்..." என்று ஆரம்பித்தார்.

அவர் முடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது.

"அப்ப நீங்க எங் கம்மலைச் சொல்லலியா?"

உங்கள் அம்மாதான். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு என்ன பயன்? முன் பாயிலிருந்து பெயின்டர் வீட்டம்மா மெதுவாக, "அப்ப என் மூக்குத்தியையும் சொல்லலியா?" என்றார். மூன்றாவதாக ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பாய்லர் மேஸ்திரி. "மோதிரம்..." என்று மட்டும் சொன்னார்.

அக்கா, காதில் துணியை அழுத்திப் பிடித்தபடி உங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, ஒன்னிய யாருட்டி கேட்டா?" என்றார்.

முதலில் சிரித்தது போதகர். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. நிற்க முடியாமல் மேடைப் படியில், பூசணிக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். ஒரு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள், அவரவர் ஒளித்துவைத்த இடத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் போதகர் எழுந்து, அக்காவுக்குக் கைகூப்பி, பிரசங்கத் தமிழை விட்டுவிட்டு, "என்னை மன்னிச்சிருங்கக்கா. கேக்காம இருந்துட்டேன். முன்னால வந்து உக்காருவீங்களா?" என்று கேட்டார்.

"கேட்டுட்டீங்கள்லா, வருதேன்" என்று அக்கா முன் பாய்க்குப் போனார். மறுநாள் காலை நான் பாட்டைக் கேட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

நீ இழுத்த இழுப்பில் ரத்தம் அடிக்கடி கசிந்ததால், பிறகு டாக்டரே பட்டு நூலைச் சுற்றிக் கட்டி அதை உதிரவைத்துவிட்டார். அது மறுபடி வரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆட்கள் அக்காவைப் பார்த்து, "என்னக்கா, உடம்புக்கு முடியலியா? முகத்துல என்னமோ குறையுதே" என்பார்கள். என்ன குறைகிறது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. வளையல்காரர் மட்டும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "ஏக் பீ கயா!" என்று தலையில் கைவைத்தார். இருந்த ஒன்றும் போயிற்றே என்று. அக்கா தையல் பெட்டியைத் திறந்து, அவர் கொடுத்த கண்ணாடிக் கல்லைக் காட்டி, "யே ஹை நா" என்று, இது இருக்கிறதே என்று, அவரைத் தேற்றினார்.

இப்போது உங்கள் அம்மா ஏன் காதைத் தொட்டுச் சிரித்தாள் என்று தெரிந்துவிட்டது அல்லவா? அந்தச் சிவப்புக் கல் கம்மல் என்ன ஆயிற்று, இப்போது எங்கே இருக்கிறது என்று நான் எழுதவில்லை என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்கள் அம்மா சமையலறையில்தான் இருக்கிறாள். போய் அவளிடம் கேளுங்கள். சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். கேட்டால்தான் சொல்லுவாள்.